குறும்படத் திரையிடல் – பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறையில் ஒரு குறும்படம் காட்டுகிறோம். 1938இல் அமெரிக்காவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், பத்து நிமிடம்தான். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய மருத்துவரின் கதை. பிரசவத்தில் தாய்மார்கள் இறந்துபோவது படத்தில் வருவதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். படித்தவர்கள் பார்த்த பிரிவில்தான் சாவு அதிகம். சராசரியாக நூற்றுக்குப் பத்துப் பேர். மருத்துவச்சிகளிடம் நான்குக்கும் குறைவு. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள்.

1847இல் செம்மல்வைஸின் நண்பர் கோலெச்கா, பிணப் பரிசோதனையில் மாணவர் ஒருவரின் கத்தி பட்டு இறந்தார். அந்தத் தாய்மார்களின் உடலில் கண்ட அதே கேடுகள் அவர் உடலிலும் இருந்தன. பிணம் அறுத்த கையோடு மருத்துவர்கள் பிரசவ அறைக்குள் நுழைவது அப்போதுதான் செம்மல்வைஸுக்கு உறைத்தது. மே மாதத்திலிருந்து, குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். நோய்க்குக் கிருமி காரணம் என்று மருத்துவ உலகம் ஏற்காத காலம் அது. சோப்புக்கும் போகாத பிணவாடை இந்தக் கரைசலில் போனது, அதனால்தான் இதைப் பிடித்துக்கொண்டார். ஏப்ரலில் 18.3 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2.2 ஆனது.

பெரிய மருத்துவர்கள் பலர் ஒப்பவில்லை. தங்கள் கையாலேயே நோயாளிகள் செத்தார்கள் என்பதை யார்தான் லேசில் ஏற்பார்கள்? 1865இல், 47 வயதில், மனநலக் காப்பகமொன்றில் புண் சீழ்பிடித்து இறந்தார் செம்மல்வைஸ்.

'கை கழுவு' என்று நாம் சொன்னால் பிள்ளைகள் நாம் பார்க்கும்போது மட்டும் கழுவுகிறார்கள். எனவே படம் முடிந்ததும் கணித ஆசிரியர் அந்த மாதவாரிக் கணக்கைப் பலகையில் எழுதி, வரைபடம் போடவைப்பார். படத்தைவிட எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். பின்னணிப் பேச்சு ஆங்கிலத்தில் இருப்பதால் அறிவியல் ஆசிரியை இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்குவார்.

வீட்டில் அண்மையில் பிரசவத் துயரம் நேர்ந்திருந்தாலோ, பிள்ளை இப்படிப்பட்ட காட்சிகளுக்குப் பயப்படும் என்று தோன்றினாலோ, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காரணம் எழுதித் தர வேண்டியதில்லை. அந்த நேரம் பிள்ளை நூலகத்தில் இருக்கலாம். பெற்றோர் உடனிருந்து பார்க்க விரும்பினால் தாராளமாக வரலாம், பின்வரிசையில் நாற்காலி போட்டிருப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்