இரும்பு மரம் உள்ளேயிருந்துதான் துருப்பிடிக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோரப் பூங்காக்களில் இரும்பில் மரச் சிற்பங்கள் அமைத்து அவற்றில் கொடி படரவிடலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அருமையான யோசனை. ஆனால் சிங்கப்பூர்ப் பூங்காவில் நிற்கும் செயற்கை மரங்களான சூப்பர்ட்ரீக்களை எடுத்துக்காட்டிய கட்டுரை, அவை எப்படி நிற்கின்றன என்பதைச் சொல்லவில்லை.

2012-இல் திறக்கப்பட்ட அந்த 18 மரங்களும் 25 முதல் 50 மீட்டர் வரை உயரமானவை. நடுவே கான்கிரீட் தண்டு, அதைச் சுற்றி எஃகுச் சட்டம், சட்டத்தின்மேல் செடி வளரும் பலகங்கள், உச்சியில் குடைபோல் விரிந்த கம்பிகள். ஆர்க்கிட், பெரணி, புரோமிலியாட் போன்ற, மரத்தில் தொற்றி வளரும் செடிகள் அவற்றில் நிறைய. ஆழமான மண் அவற்றுக்குத் தேவையில்லை, பாரமும் குறைவு.

நம் ஊரில் எம்.எஸ். (சாதா இரும்பு) பைப்பை வளைத்து வெல்டு வைத்து, துருத்தடுப்புப் பூச்சான ரெட் ஆக்சைடும் பச்சை எனாமலும் அடித்து நிறுத்திவிடுகிறோம். கிளை பிரியும் கவட்டில் மழைநீர் தேங்கும். வெல்டில் ஊசிமுனை அளவு துளை இருந்தால் போதும், நீர் பைப்புக்குள் இறங்கி அடியில் நின்றுவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும். அடித்தகட்டுக்கு ஒரு சாண் மேலே சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: கணீரென்ற ஓசைக்குப் பதில் மந்தமாகக் கேட்டால் உள்ளே தகடு அரித்துப்போயிருக்கிறது என்று பொருள்.

இதைத் தடுக்க, செய்த இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பதே நல்ல வழி. 6 மி.மீ.க்கு மேல் கனமான தகட்டில் சராசரி 85 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) பூச்சாவது ஏற வேண்டும். வெல்டிங், கிரைண்டிங் எல்லாம் முடிந்த பிறகே முக்க வேண்டும். ஒவ்வொரு பைப்பின் இரு முனையிலும் துளை போடாமல் அனுப்பக் கூடாது. உள்ளே சிக்கிய ஈரம் 450 டிகிரி தொட்டியில் ஆவியாகி பைப்பையே வெடிக்கவைக்கும், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. கீழ்த்துளையைப் பின்னாலும் அடைக்காதீர்கள், அதுதான் வடிகால். தொட்டிக்குள் அடங்காத மரத்தைத் துண்டுகளாகச் செய்து, நிறுத்தும் இடத்தில் பிளேஞ்ச் (போல்டுத் துளையிட்ட விளிம்புத் தகடு) வைத்து போல்டால் முடுக்குங்கள். அங்கே வெல்டு வைத்தால் துத்தநாகம் எரிந்து, துரு அந்த இடத்தில்தான் முதலில் தொடங்கும்.

கட்டுரையில் வந்த ‘எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) துருப்பிடிக்காது’ என்ற வரி தவறு. உப்புக்காற்றில் 304 ரகம் பழுப்புக் கறை கட்டும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 வாங்குங்கள். இரும்பைத் தேய்த்த கிரைண்டிங் சக்கரத்தால் அதைத் தொடாதீர்கள். இரும்புக் கிளையில் எஸ்.எஸ். இலையை நேராகப் பொருத்தினால் ஈரத்தில் இரும்புதான் வேகமாக அரிக்கும். இடையே நைலான் வாஷர், போல்டுக்கு நைலான் உறை, இரண்டும் வேண்டும்.

செடி விஷயத்தில் பலர் கோட்டைவிடுவது எடைக் கணக்கில். செடி நடும் தென்னைநார்க் கழிவு தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். நனைந்த எடையோடு காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பொறியாளர் கணக்கிட வேண்டும். சித்திரை வெயிலில் காயும் இரும்பில் கொடியின் குருத்து கருகிவிடும். பைப்பிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வலை கட்டிப் படரவிடுங்கள். உரம் கலந்த சொட்டுநீர் துத்தநாகத்தின்மேல் வடியாமல் தனிக் குழாயில் இறங்கட்டும்.

ஒப்பந்தத்தில் பராமரிப்புக்கும் ஒரு வரி வேண்டும். ஆண்டுதோறும் புரட்டாசியில், அடைமழைக்கு முன், கீழ்த்துளைகளைக் கம்பி விட்டுக் குத்திவிடவும், கவட்டில் முளைத்த அரசங்கன்றை இரண்டு இலை விடும்போதே வேரோடு பிடுங்கவும் ஓர் ஆள் ஏணியோடு வர வேண்டும்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி