முதலில் கூரை, பிறகு விமானம்

குமரி மாவட்டத்துக் கல்லூரி, பள்ளி நிர்வாகிகளுக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற விமானம் ஒன்றைக் கேட்டு வாங்கிக் காட்சிக்கு வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

1935 அக்டோபர் 29-ல் நெவில் வின்சென்ட் ஓட்டிவந்த டாடாவின் ஃபாக்ஸ் மாத் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியபோது நம் ஊர்களும் திருவிதாங்கூரில்தான் இருந்தன. மரச்சட்டம், ஒட்டுப்பலகை, துணி ஆகியவற்றால் ஆன விமானம் அது. பயணிகள் முன்னால் மூடிய அறையில் இருப்பார்கள். விமானி பின்னால் திறந்த இருக்கையில் இருந்து ஓட்டுவார். அக்காலத்து மர விமானங்களை ஒட்டிய கேசீன் பசை பாலின் புரதத்திலிருந்து எடுப்பது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து ஒட்டு விட்டுவிடும்.

இன்று உங்களுக்குக் கிடைக்கக்கூடியவை ஓய்வுபெற்ற உலோக விமானங்கள். உலோகம்தானே என்று வாசலில் பீடம் கட்டி வெட்டவெளியில் ஏற்றிவிடாதீர்கள். கூரை போட வழியில்லை என்றால் விமானமே கேட்க வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

விமானத் தகடு சுத்த அலுமினியம் அல்ல. பெரும்பாலும் அதில் சுமார் 4 சதவீதம் செம்பு கலந்திருக்கும். பலம் தருவதும் அந்தச் செம்புதான், உப்புக்காற்றில் அரிப்புக்கு வழிவிடுவதும் அதுதான். அதனால்தான் தகட்டின் மேல் சுத்த அலுமினியத்தை மெல்லிய போர்வையாகப் போர்த்தியிருப்பார்கள். பெயின்ட் அடிக்கும் முன் எமரி போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அந்தப் போர்வை. அடியில் இருக்கும் மஞ்சள், பச்சைப் பிரைமர் குரோமேட் கலந்தது. அதன் தூள் நச்சு. மாணவர்களைத் தேய்க்க விடாதீர்கள். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசையை ஒட்டிப் பெயின்ட் கொப்பளித்தாலோ, தகட்டின் ஓரம் ஏடு ஏடாகப் பிரிந்தாலோ உள்ளே அரிப்பு வெகுதூரம் போய்விட்டது என்று பொருள்.

விமானம் வாசலுக்கு வருமுன் ஆபத்தில் விமானியை வெளியே எறியும் வெளியேற்ற இருக்கையின் வெடிமருந்து, தீயணைப்புக் குப்பிகள், அழுத்த வாயு நிரம்பிய கலன்கள் எல்லாம் அகற்றப்பட்டன என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய கடிகார முகப்புகளில் ரேடியம் பூச்சு இருக்கக்கூடும். அதன் ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு மங்காது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறக்கவே கூடாது.

கூரையின் இறவாணம் இறக்கை நுனியைத் தாண்டி நீள வேண்டும். கடல் பார்த்த பக்கம் சுவர் வையுங்கள், மற்றப் பக்கங்களில் காற்றோட்டம் இருக்கட்டும். தார்ப்பாய் போட்டு மூடுவது பெரிய தவறு. ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, காய விடுவதற்கு நாட்கள் குறைவு.

கடலோரமானால் 15 நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. சேமித்த மழைநீரே நல்லது. விமானி அறையின் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் கண்ணாடியில் தின்னரோ பெட்ரோலோ பட்டால் நுண்விரிசல் ஓடும். மென்சோப்பும் பருத்தித் துணியும் போதும். வயிற்றுப் பக்கம் உள்ள வடிகால் துளைகளை மெல்லிய மூங்கில் குச்சியால் திறந்துவிடுங்கள். அவை அடைபட்டால் கழுவிய தண்ணீரே உள்ளே நின்று அரிக்கும். மைனா கூட்டையும் குளவிக்கூட்டையும் மாதம் ஒருமுறை தேடுங்கள்.

பாரம் டயரில் நிற்கக் கூடாது. ஜாக்கி வைக்கும் இடங்களில் இரும்புத் தாங்கி கொடுங்கள். இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டால் அலுமினியம்தான் கரையும், ஆகவே நடுவே நைலான் தகடு வேண்டும்.

காற்றைப் பற்றி நம் மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது, 2017-ல் ஒக்கி புயல் ரப்பரையும் வாழையையும் சாய்த்ததைப் பார்த்தோம். காற்றின் வேகம் இரட்டித்தால் இறக்கையைத் தூக்கும் விசை நான்கு மடங்கு. மூக்கை உயர்த்திப் பறப்பதுபோல் நிறுத்தினால் இறக்கை தூக்கத்தான் பார்க்கும், மழைநீரும் வாலில் தேங்கும். மட்டமாக நிறுத்தி, இரு இறக்கையிலும் வாலிலுமாக மூன்று இடத்தில் கான்கிரீட் நங்கூரத்தோடு கட்டுங்கள்.

விமானம் கேட்டு அனுப்பும் விண்ணப்பத்தோடு கூரையின் வரைபடத்தையும், ஆண்டுச் செலவுக்கான தொகையையும், பொறுப்பேற்கும் பணியாளரின் பதவியையும் சேர்த்தே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய விமானப் பராமரிப்பு அறிந்தோர் சிலர்,
நாகர்கோவில்