தோட்டா வெடிக்காத கைத்துப்பாக்கியும் பதில் வராத நான்கு மின்னஞ்சல்களும்

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள்

பொருள்: சீரமைப்புக் குறைபாடு, ஊழியரின் அவமரியாதை

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இதற்கு முன் ஆங்கிலத்தில் நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் நான்கு முறையும் வந்தது. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று அறிந்ததால், இக்கடிதமாவது தங்கள் கைக்குச் சேரட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

என்னிடம் உள்ள 9 மி.மீ. கைத்துப்பாக்கி தாங்கள் விற்றது. அதன் மாடலையும் உட்பாகங்களையும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேரத்தையும் குறியையும் சேர்த்துக் கணக்கிடும் ஐ.பி.எஸ்.சி. துப்பாக்கிச் சுடும் போட்டிகளின் பிரொடக்‌ஷன் பிரிவில் போட்டியிட வேண்டும் என்று சொன்னபோது, எஃகுச் சட்டத்தின் எடை உதைப்பை அடக்கும் என்று தங்கள் விற்பனையாளர் பரிந்துரைத்தார்; அது நல்ல ஆலோசனைதான். சுத்தியல் மடங்கிய நிலையிலிருந்து சுடும் முதல் குண்டுக்கு விசை (ட்ரிகர்) இழுக்கக் கனமாக இருக்கிறது என்று நான் சொன்னதும், 480 சிங்கப்பூர் வெள்ளிக்குப் "போட்டித் தரச் சீரமைப்பு" செய்து தருவதாகவும் அவரே முன்வந்தார். சீரமைப்பு முடிந்த பிறகுதான் துப்பாக்கி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

விசை இலகுவானது உண்மை. ஆனால் அதற்காகச் சுத்தியல் ஸ்பிரிங்கின் வலுவை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டார்கள் என்பதை மன்றப் போட்டியின் நடுவில்தான் அறிந்தேன். பன்னிரண்டு தோட்டாக்கள் சுட வேண்டிய ஒரு சுற்றில் இரண்டு வெடிக்கவில்லை. எல்லாம் ஐந்து புள்ளி தரும் நடுப்பகுதியான ஆல்ஃபாவில் பட்டால் 60 புள்ளிகள்; 10 விநாடியில் முடித்திருந்தால், புள்ளிகளை விநாடிகளால் வகுத்து வரும் ஹிட் ஃபேக்டர் 6. துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடை இழுத்து வெடிக்காத தோட்டாக்களை வெளியேற்றியதில் 14 விநாடியாகி, அது 4.3-க்கும் கீழே இறங்கியது. 2022-இல் பட்டாயாவில் நடந்த உலகப் போட்டியைப் பார்த்த நாளிலிருந்து நான் பட்ட பாடு முழுவதும் அந்த நான்கு விநாடியில் அழிந்துபோனது.

பராமரிப்பில் என் பக்கம் குறை இல்லை. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் குழலையும், தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் அடிப்பகுதியையும் துடைத்து, ஸ்லைடு தடங்களுக்கு அளவோடு எண்ணெய் இடுகிறேன். தோட்டாவின் அடியைக் குத்தும் ஃபயரிங் பின்னின் துளையில் எண்ணெய் விடுவதில்லை. எத்தனை குண்டுகள் சுட்டேன் என்ற கணக்கும் எழுதி வைத்திருக்கிறேன். வெடிக்காத தோட்டாக்களின் பிரைமரில், அதாவது அடிபட்டுத் தீப்பற்றும் அடிமூடியில், பள்ளம் மேலோட்டமாகத்தான் விழுந்திருந்தது; சுத்தியலின் அடி போதவில்லை என்பதே அதன் பொருள். தோட்டாவை வெளியே கொண்டுவர முடியாது என்பதால் படங்களை அனுப்பினேன். அதே பெட்டியிலிருந்து நண்பர் தம் துப்பாக்கியில் சுட்ட ஐம்பதும் வெடித்தன.

இவை அனைத்தையும் எடுத்துச் சொன்னபோது, முகப்பில் இருந்த தங்கள் இளம் ஊழியர் படங்களைப் பார்க்கக்கூட இல்லை. "அங்கிள், சுடத் தெரியலைன்னா துப்பாக்கி மேல பழி போடாதீங்க" என்றார், வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் முன்னிலையில். பிறகு "உங்க தோட்டாவுல பவர் ஃபேக்டர் கம்மி" என்று ஒரு காரணமும் சொன்னார். பவர் ஃபேக்டர் என்பது குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து வரும் அளவு. 124 கிரெய்ன் எடையுள்ள குண்டு நொடிக்கு 1,060 அடி வேகத்தில் போனால் பவர் ஃபேக்டர் 131, தேவையானது 125. அது போகட்டும், பிரைமர் பற்றாததற்கும் பவர் ஃபேக்டருக்கும் என்ன தொடர்பு ஐயா? வெடிக்காத தோட்டாவுக்கு வேகம் ஏது? இதைக்கூட அறியாதவரைத் துப்பாக்கிக் கடையின் முகப்பில் நிறுத்தலாமா?

அதற்கு முந்தைய வாரம் நடந்ததையும் சொல்ல வேண்டும். துப்பாக்கி மன்றத்தின் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கிறது. அதை நானே பையில் எடுத்துக்கொண்டு தங்கள் பட்டறைக்கு வர முடியாது என்பது தங்களுக்கு நன்றாகத் தெரியும். செவ்வாய் காலை 9.30 மணிக்குத் தங்கள் ஆள் வந்து எடுத்துச் செல்வார் என்று சொன்னதால் விடுப்பு எடுத்து, ஈசூனிலிருந்து இரண்டு பேருந்து மாறிச் சென்றேன். பிற்பகல் ஒரு மணி வரை ஒருவரும் வரவில்லை. நான்காவது அழைப்பில்தான், துப்பாக்கியை எடுத்துச் செல்லும் அனுமதிக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை என்றார்கள். அந்த ஒரு நாளை யார் திருப்பித் தருவார்கள்?

நான் சண்டைக்கு வரவில்லை. நெடுநாள் வாடிக்கையாளன் என்ற உரிமையில் கேட்கிறேன்: பழைய வலுவுள்ள சுத்தியல் ஸ்பிரிங்கைப் பொருத்தி, நான் பயன்படுத்தும் தோட்டாக்களையே இருநூறு சுட்டுக் காட்டுங்கள். 480 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். அந்த ஊழியர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட இதுதான் எனக்கு முக்கியம்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடமும், அதன் பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்திடமும் செல்வேன். வாங்கிய ஆறு மாதத்திற்குள் வெளிப்படும் குறை, பொருளை ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும் என்று 2012 செப்டம்பர் முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டம் சொல்கிறது. என் முதல் புகார் மூன்றாம் மாதத்திலேயே பதிவாகியிருக்கிறது. அந்த நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வார நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம். எண் பணிச்சீட்டில் உள்ளது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்