பலூனுக்கு இடம் விடு

திருவல்லிக்கேணி, சென்னை

அன்புள்ள கயலுக்கு,

வேலையை விட்டதை அம்மாவிடம் சொல்லிவிட்டு, "அப்பாகிட்ட மெதுவா சொல்லும்மா" என்றாயாம். அவள் மெதுவாகச் சொல்கிற ஆளா? குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கோபமில்லை. ஒன்பது வருஷம் கோட் எழுதியவள் இனிமேல் கோடு இழுக்கப் போகிறாள், அவ்வளவுதானே என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

நீ வரைந்து அனுப்பிய படக்கதையின் எட்டுப் பக்கத்தையும் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துப் பார்த்தேன். பறக்கும் ரயில் ஸ்டேஷன் அப்படியே இருக்கிறது. எழுத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறாய். வசனத்தை முதலில் ஆங்கிலத்தில் யோசித்தாயா? தமிழ்ச் சொல் நீளம். கொம்பும் சுழியும் மேலும் கீழும் வேறு நீட்டும். 'கூட்டிக்கொண்டுபோனார்கள்' என்ற ஒரே சொல் உன் வசன பலூனுக்குள் நுழைய முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. பென்சிலில் இருக்கும்போதே எழுத்தை எழுதிப் பார்த்துவிடு, அப்புறம் ஆளை நிறுத்து. 1972-இல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தபோது எனக்குப் பத்து வயது. படம் வெளிநாட்டுக்காரர் போட்டது, பலூனும் ஆங்கிலத்துக்கு அளந்தது. அதற்குள் தமிழை அடக்க சிவகாசியில் என்ன பாடுபட்டிருப்பார்கள்! உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, பலூன் உன்னுடையது.

சரி, காசு விஷயம். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தை ஏற்றிய ஓவியர் சங்கர், எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர். 2020-இல் காலமானார். அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது. உனக்கு இல்லை.

பத்தொன்பது வயதில் நானும் ஒரு பத்திரிகைக்கு ஆறு பக்கப் படக்கதை போட்டேன். அச்சிலும் வந்தது. பணத்துக்காக நாலு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் டீ கொடுத்தார்கள். டீ நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து கேட்க வரவில்லை. அதற்குப் பிறகுதான் பொதுப்பணித் துறையில் டிராப்ட்ஸ்மேன் வேலை. அணைக்கட்டுக்கும் மதகுக்கும் கோடு போட்டே ரிட்டையர் ஆனேன். அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் நீ என்னைப் போலவே. கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை ரசம் கேட்கக்கூடக் கூச்சப்படுவாய். என் பயம் அது ஒன்றுதான். ஒரு பக்கத்துக்குப் பென்சில், மை, வண்ணம் எல்லாம் சேர்த்து எத்தனை நாள் ஆகிறது என்று நோட்டில் குறித்துக்கொள். அதை வைத்துத்தான் பக்கக் கூலி சொல்ல வேண்டும். பாதியை முன்பணமாக வாங்கு. கதாபாத்திரத்தின் உரிமை யாருக்கு என்பதைக் காகிதத்தில் எழுதாமல் ஒரு கட்டம்கூட அனுப்பாதே. 'பேர் கிடைக்கும்' என்பவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடு.

ஜனவரியில் புத்தகக் காட்சி சமயத்தில் வந்துவிடு, நந்தனத்துக்குச் சேர்ந்தே போகலாம். அதற்குள் ஐந்தாம் பக்கத்தைத் திருத்து. ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கைப்பிடியே போடவில்லை, அந்தப் பையன் விழுந்து வைப்பான்.

அன்புடன்,
அப்பா