அந்த 6-க்கு என்ன அர்த்தம்?

அன்புள்ள காதர்,

தொண்டிப் பக்கம் மழை உண்டா? இங்கே ராமநாதபுரத்தில் கச்சான் காற்றும் புழுதியும்தான்.

நீ அனுப்பிய நுரையீரல் புற்றுநோயாளியின் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை 78 சதவீதம், லிம்போசைட் என்ற வகை 13; முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விகிதம் 6. 5-ஐத் தாண்டினாலே நோயின் போக்கு நல்லதல்ல என்பார்கள். சிலர் 3-லேயே கோடு கிழிக்கிறார்கள். அதில் ஒத்த முடிவு இல்லை. ஆனால் அந்த 6-ஐ நம்புமுன் ஒன்றைக் கேள்: ரத்தம் எடுப்பதற்கு முன் அவர் ஸ்டீராய்டு சாப்பிட்டாரா?

பெமெட்ரெக்செட் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றுகிறவர்களுக்கு முந்தின நாளிலிருந்து மூன்று நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 4 மி.கி. இருவேளை கொடுப்பது வழக்கம். அது உள்ளே போன சில மணி நேரத்தில், ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடந்த நியூட்ரோஃபில்கள் பிரிந்து ஓட்டத்தில் கலக்கும், லிம்போசைட் இறங்கும். கட்டி துளியும் வளராமலே விகிதம் எகிறிவிடும். வெள்ளையணுவை ஏற்றப் போடும் ஊசியும் அப்படியே. வீசிங்குக்கு மெடிக்கலில் வாங்கிய சின்ன வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரையை யாரும் மருந்தென்றே சொல்வதில்லை. அட்டையைக் கொண்டுவரச் சொல். கட்டி அடைத்த இடத்தில் நிமோனியா இருந்தாலும், காசநோய் இருந்தாலும் இதே எண் வரும்.

அடுத்து சிஆர்பி–ஆல்புமின் ஸ்கோர். சிஆர்பி அழற்சியில் ஏறும் புரதம், ஆல்புமின் ரத்தத்தில் எப்போதும் இருக்கும் புரதம்; ஸ்கோர் 0 முதல் 2 வரை, கூடினால் நோயின் போக்கு மோசம். இதில் தடுமாற்றம் அலகில்தான். சிஆர்பி லிட்டருக்கு 10 மி.கி.க்கு மேல் என்றால் 1. கூடவே ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே என்றால் 2. சிஆர்பி ஏறாமல் ஆல்புமின் மட்டும் குறைந்தால் 0-தான். உன் ரிப்போர்ட்டில் சிஆர்பி 4.2 என்றிருக்கிறதே, அது டெசிலிட்டர் கணக்கு. லிட்டருக்கு 42! ஆல்புமின் 3.1. ஆக, அவருக்கு 2. அலகைக் கவனிக்காதவர் 0 என்று எழுதிவிடுவார். இந்த ஆல்புமின் சாப்பாட்டுக் குறையால் மட்டும் இறங்குவதல்ல. கட்டியைச் சுற்றிய அழற்சி தரும் இன்டர்லூகின்-6 என்ற சைகைப் புரதம், கல்லீரலை சிஆர்பி தயாரிக்கத் திருப்பிவிடுகிறது. ஆல்புமின் உற்பத்தி பின்தங்குகிறது. முட்டை கொடுத்து மட்டும் ஏற்றிவிட முடியாது.

நோயின் போக்கைப் பார்க்க அளக்கும் இன்னொன்றான எல்டிஹெச் என்ற நொதிக்கும் ஒரு வார்த்தை. பாம்பனில் எடுத்த ரத்தம், அதன் நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரிக்காமல் பஸ்ஸில் குலுங்கி இங்கே வந்தால் சிவப்பணு உடையும். அதற்குள் இருக்கும் எல்டிஹெச் வெளியே கொட்டும். சீரம் வெளிர்மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த எண்ணை விட்டுவிடு, மறுபடி எடு. அங்கேயே சுழற்றிப் பிரித்து அனுப்புவதுதான் சரி.

இவ்வளவு பார்த்தும், இந்த எண்களை வைத்து யாருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதில் நான் உறுதி. இவை கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறவை. எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு நோயின் நிலை, கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றம், நடமாட்டம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. 6 என்றால் சத்துணவையும் வலி மருந்தையும் முன்கூட்டியே தொடங்கு, சீக்கிரம் திரும்ப வரச் சொல்.

ஸ்டீராய்டு நின்று, காய்ச்சலும் இல்லாத ஒரு நாளில் சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கையைத் திரும்ப எடுத்து அனுப்பு. மாத்திரை அட்டையின் போட்டோவும் வேண்டும்.

அன்புடன்,
சேகர்