தமிழ்நாடு இத முதல்ல செய்யலாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் கட்டிக்கிறது நம்ம மண்ணுக்கே ஆகாது, கல்யாணம்னா ஒரே முறைதான்னு நம்ம பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, நீலகிரில இருந்துக்கிட்டு என்னால இத ஒத்துக்கவே முடியல.

1955ல இந்து திருமணச் சட்டம் போட்டப்பவே, மத்திய அரசு தனியா அறிவிச்சாலொழிய பழங்குடிகளுக்கு இது கிடையாதுன்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. அதனால இங்க தோடர், கோத்தர், இருளர், குறும்பர் எல்லாருக்கும் அவங்கவங்க வழக்கம்தான். தோடர்கள்ல மாசமா இருக்குற பொண்ணுக்கு வில் அம்பு கொடுக்குற சடங்குதான் பொறக்கப்போற புள்ளைக்கு யாரு அப்பான்னு ஊரறியச் சொல்லுது. கீழ சமவெளில மட்டும் என்ன, தாய்மாமன கட்டுறது சட்டப்படி தடுத்த உறவு, ஆனா எங்க வழக்கம்னு காட்டினா செல்லும்! புரோகிதர் இல்லாம மாலை மாத்தினா செல்லாதுன்னு கோர்ட்டே சொன்ன காலம் இருந்துச்சு, அண்ணா ஆட்சில 1967ல திருத்தம் கொண்டு வந்து சுயமரியாதைக் கல்யாணத்த செல்ல வச்சாங்க. 2019ல திருநங்கையும் மணமகள்தான்னு மதுரைக் கிளை சொல்லிடுச்சு. இத்தன தடவ மாறினதுல எந்தக் குடும்பம் கெட்டுப்போச்சு?

எங்க எஸ்டேட் லைன்ல ரெண்டு பொம்பளைங்க பல வருஷமா ஒண்ணா பொழைக்கிறாங்க, ஒண்ணாதான் இலை பறிக்கப் போவாங்க, யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது. அதுல ஒரு அக்காவுக்கு ஆபரேஷன்னு ஆனப்ப, நீ யாரும்மா, சொந்தக்காரங்கள கூட்டிட்டு வான்னு ஆஸ்பத்திரில இன்னொரு அக்காவ வெளிய உக்கார வச்சுட்டாங்க, பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணன் கூடலூர்ல இருந்து வந்து கையெழுத்து போடுற வரைக்கும் எல்லாமே நின்னுச்சு. எனக்கு அது இன்னும் ஆறல.

சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபர் 17ல, கல்யாணம் அடிப்படை உரிமை இல்ல, சட்டம் போடுறது சட்டமன்றத்தோட வேலைன்னு சொல்லிடுச்சு, அதோட கதை முடிஞ்சுதுன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, முடியல. அதுக்கு அடுத்த மாசமே சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி சேந்து வாழுறவங்க தங்களோட குடும்ப உறவ ஒரு பத்திரமா பதிவு பண்ண வழி செய்றத யோசிங்கன்னு தமிழ்நாடு அரசுகிட்ட சொன்னாரு. 2025 மே மாசம் அதே கோர்ட், குடும்பம் அமையறதுக்கு கல்யாணம் மட்டும்தான் வழின்னு இல்லன்னும் சொல்லியிருக்கு.

அந்தப் பதிவுக்கு ஒரு சட்டம் வேணும், நான் கேக்குறது அவ்வளவுதான். ஆஸ்பத்திரி கையெழுத்து, குடியிருக்குற வீடு, செத்தா உடல வாங்குற உரிமை, இந்த மூணுமாச்சும் அதுல கண்டிப்பா இருக்கணும். ஊட்டி, குன்னூர், கூடலூர் எம்எல்ஏக்கள் மூணு பேரும் கட்சி பாக்காம அடுத்த கூட்டத்துலயே இத சட்டசபைல கேக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி