பன்னிரண்டு காசும் ஒரு தராசும்

கோவில்பட்டி
ஞாயிறு மதியம்

அன்பு மகள் வள்ளிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நேற்று நீ போன் செய்தபோது கடையில் கூட்டம், சரியாகப் பேச முடியவில்லை. சனிக்கிழமை ராத்திரி அறையில் ஐந்து பேரும் ஆளுக்கொரு புதிர் போடுகிறீர்கள், எதைப் போட்டாலும் யாராவது ஒருத்தி முன்பே கேட்டிருக்கிறாள் என்றாய். "யாருக்கும் தெரியாததா நாலு அனுப்புங்கப்பா" என்று கேட்டாய். போனில் சொன்னால் மறுமூச்சில் விடையையும் கேட்பாய். அதனால்தான் கடையை அடைத்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நம் தராசுப் புதிர். உனக்கு நினைவிருக்கும். நாற்பது கிலோ கல் ஒன்று வண்டியிலிருந்து விழுந்து நாலு துண்டாக உடைந்தது. அந்த நாலு துண்டை மட்டும் வைத்து ஒரு கிலோவிலிருந்து நாற்பது கிலோ வரை எந்த முழு எடையையும் நிறுக்கலாம் என்றால், ஒவ்வொரு துண்டும் எத்தனை கிலோ?

உனக்கு அப்போது ஒன்பது வயது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் 1, 2, 4, 8 என்று எழுதிப் பார்த்தாய். பதினைந்தோடு நின்றுவிட்டது. பிறகு 1, 2, 5, 10 என்று நம் கடைப் படிக்கல்லையே எழுதிப் பார்த்தாய், நாலு கிலோவே வரவில்லை, எல்லாம் கூட்டினாலும் பதினெட்டோடு நின்றது. மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாய். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒருவருக்கு நாலு கிலோ அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிலோ கல் ஒன்று தொலைந்திருந்த சமயம். ஐந்து கிலோ கல்லை இந்தத் தட்டில் வைத்தேன், ஒரு கிலோ கல்லை அரிசியோடு அந்தத் தட்டில் வைத்தேன். நீ அதைப் பார்த்தாய். ஒன்றும் பேசவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டாய்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்திருந்த ஒருவர் உன் நோட்டை எட்டிப் பார்த்து, "ஒண்ணு, மூணு, ஒன்பது, இருபத்தேழும்மா" என்று சொல்லிவிட்டார். உனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். நீ அன்றைக்கு அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கையில் வந்து விழ இருந்ததை வேறொருவர் பறித்துக்கொண்ட அழுகை. அவரை நான் தடுத்திருக்க வேண்டும்.

உன் தோழிகளுக்கு இதைப் போடும்போது அதை நினைத்துக்கொள். அவர்கள் 1, 2, 4 என்று போவார்கள், விடு. சாமான் இருக்கிற தட்டிலும் கல்லை வைக்கலாம் என்பதை நீ சொல்லாதே. அது கிடைத்துவிட்டால் மீதி தானாக வரும். 1, 3 இரண்டையும் வைத்து நாலு வரை நிறுக்கலாம். அடுத்த கல், இந்த நாலையும் எதிர்த்தட்டில் வைத்தாலும் ஐந்து மிஞ்சும்படி இருக்க வேண்டும், ஆகவே 9. இப்போது பதின்மூன்று வரை வந்தாயிற்று. அடுத்தது 14-உம் 13-உம் சேர்ந்து 27. பாஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1612-இல் அச்சிட்ட புதிர்ப் புத்தகத்திலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. இத்தனை வருஷம் கழிந்தும் புதிதாகக் கேட்பவரை மூன்று நாள் உட்கார வைக்கிறது பார்.

அடுத்து, மூன்று சுவிட்ச், ஒரு பல்பு. சுவிட்ச் வெளியே, பல்பு மூடிய அறைக்குள். ஒரே தடவைதான் உள்ளே போகலாம். எந்த சுவிட்ச் பல்புக்கு உரியது? ஒன்றைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு அணைத்து, இரண்டாவதைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். எரிந்தால் இரண்டாவது, அணைந்து சூடாக இருந்தால் முதலாவது, அணைந்து குளிர்ந்திருந்தால் மூன்றாவது. போன மாதம் கடைப் பையனிடம் இதைப் போட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அண்ணாச்சி, எல்.இ.டி. பல்பு அப்படிச் சுடாதே" என்றான். அவன் பிறந்ததிலிருந்து வீட்டில் குண்டு பல்பைப் பார்த்ததே இல்லை. அவன் கேட்டது நியாயம். அதனால் நீ போடும்போது "குண்டு பல்பு" என்று முதலிலேயே சொல்லிவிடு. தேவையானது எல்லாம் கேள்விக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் விடை தெரிந்த பிறகு கேட்டவருக்கு ஏமாற்றப்பட்ட மாதிரி இருக்கும்.

அப்புறம் ஆச்சியின் அழிப்பாங்கதைகள். விடுகதை என்று ஆச்சி ஒருநாளும் சொன்னதில்லை. தொல்காப்பியத்தில் இதற்குப் பிசி என்று பேர். "வேற பாஷைக்காரிகளுக்கு நம்ம விடுகதை எங்கே புரியப்போகுது" என்று சொன்னாய் அல்லவா? கல்யாணத்துக்கு முன்பு நான் பம்பாயில் கடையில் நின்றபோது கூட வேலை பார்த்த மராட்டிப் பையனிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "அம்மா படுத்திருக்க மகள் ஓடுகிறாள்" என்று போட்டேன். கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அம்மியில் அரைப்பது போல முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினான். அவன் பாஷையில் அம்மிக்குப் பாட்டா, குழவிக்கு வரவண்டா என்று பேர். என் முதல் சிநேகிதம் அங்கே அப்படித்தான் தொடங்கியது. உன் அறையில் எல்லோரும் மிக்சிக்காரிகள், கொஞ்சம் திணறுவார்கள். வீட்டுக்குப் போன் போட்டுப் பாட்டியிடம் கேட்கச் சொல்.

பலாப்பழம் வாங்கினால் ஒரு பந்தயம் வைக்கலாம். கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் ஒரு வெண்பா இருக்கிறது. காம்புப் பக்கத்துச் சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளைக் கணக்கு வருமாம். நானும் உன் அம்மாவும் இரண்டு பழத்தில் எண்ணிப் பார்த்தோம், இரண்டிலும் சரியாக வரவில்லை. ஆனால் பழத்தை வெட்டுவதற்கு முன் அவரவர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது நன்றாக இருந்தது.

நாலாவது புதிர் உனக்கு மட்டும். பன்னிரண்டு காசு, பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. ஒன்று போலி. அது எடை கூடவா குறைவா, தெரியாது. படிக்கல் எதுவும் கிடையாது, வெறும் தராசு. மூன்றே தடவை நிறுத்து, எது போலி, கூடவா குறைவா என்று இரண்டையும் சொல்ல வேண்டும்.

எனக்கு இதற்குப் பதினொரு நாள் ஆயிற்று. விடையைக் கடிதத்தில் எழுதவில்லை. அம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதே, அவளும் ஒரு வாரமாகப் புளியங்கொட்டையை வைத்து நகர்த்திக்கொண்டிருக்கிறாள். பழைய தராசைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பின்கட்டில் தொங்கவிட்டிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது அதில் நிறுத்துக் காட்டு.

கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் பார்சலில் வருகிறது, ஐந்து பேருக்கும்.

உன் அப்பா